இருபதில் இருந்த மணி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைப் பலகையில்கூட அது இருக்கிறது. ஆனால் தெருவில் நம்பர்காரர் என்றால்தான் ஆள் விளங்கும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது, கண்ணாடியின் எண் நிற்கும். "அந்த மைனஸ் நாலு வந்துட்டுப் போனாரு" என்பார். "ரெண்டு கண்ணுக்கும் வேற வேற நம்பரா ஒரு அம்மா வருவாங்களே, அவங்க பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்பார். அவர் செய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஒரு மனிதர், பக்கத்தில் நின்ற சொந்த மனைவியைப் பார்த்து "நீங்க யாரும்மா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அதில் பாதியாவது உண்மை. அந்த அம்மாளே என்னிடம் சொன்னாள், சிரிக்காமல்.

கீழே கடை, மேலே வீடு. கடைக்குப் பின்னால் ஒரு குறுகிய அறை. அதில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரமும், அதைத் தேய்க்கிற ஆளும், பில் அடிக்கிற பிரிண்டரும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். பிரிண்டருக்கு மேலே ஒரு பலகை. பலகையின் மேல் ரூட்டர். வீட்டுக்கும் கடைக்கும் இன்டர்நெட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் நம்பர்காரர் இந்த உலகத்தில் மிகவும் மதித்தார்.

ரூட்டர் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம், சின்ன விஷயம்தான். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் பிரிண்டருக்கும் அது ஒரு கதவு எண் கொடுக்கும். வீட்டுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகிற எண். வந்தவருக்குக் காலியாக இருக்கிற எண். இன்றைக்குப் பன்னிரண்டில் இருக்கிற போன், நாளைக்கு முப்பதில் இருக்கும். சத்திரத்தில் அறை மாறிக்கொண்டே இருக்கிற மாதிரி. போனுக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. ஆனால் நம்பர்காரரால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எண் மாறினால் ஆள் மாறிவிட்டதாகத்தானே அவர் கணக்கு.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் நிரந்தர எண் ஒதுக்கிவிட்டார். ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தை ரூட்டரிடம் சொல்லி, "இது எப்போது வந்தாலும் இந்த எண், வேறு யார் கேட்டாலும் இந்த எண் கிடையாது" என்று எழுதி வைத்துவிடலாம். எழுதி வைத்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டில் வயதுப்படி, மரியாதைப்படி வரிசை வைத்தார்.

மாடியில் முன்னறையில் இருந்த மாமியார் அன்று சாயங்காலமே விசாரணை நடத்தினார்.

"எனக்கு எத்தனாம் நம்பர், மாப்பிள்ளை?"

"ரெண்டு, அத்தை. உங்க டிவிக்கு."

"ஒண்ணு யாருக்கு?"

"அது ரூட்டருக்கே. அதுதான் எல்லாருக்கும் நம்பர் கொடுக்குது."

"என்னவிட மூத்ததோ?"

"மூத்ததில்ல. ஆனா அது இல்லேன்னா யாருக்கும் நம்பர் இல்லையே."

"நான் இல்லேன்னா உங்களுக்குப் பொண்டாட்டியே இல்ல" என்றார் மாமியார்.

மனைவிக்கு மூன்று. தனக்கு நான்கு. கடைக்கணினிக்குப் பத்து, பிரிண்டருக்குப் பதினைந்து. மனைவியின் தம்பி ஒருவன் அதே வீட்டில் இருந்தான். வேலை தேடிக்கொண்டிருந்தான், பல வருஷமாக, மிகப் பொறுமையாக, பெரும்பாலும் படுத்துக்கொண்டு. அவன் போனுக்கு நம்பர்காரர் தொண்ணூற்றொன்பது கொடுத்தார். வீட்டில் அது பெயராகவே நிலைத்துவிட்டது. "தொண்ணூற்றொன்பது சாப்பிட்டாச்சா?" என்று அவன் அக்காவே கேட்பாள். லென்ஸ் தேய்க்கிறவர்கூட ஒரு முறை கேட்டுவிட்டார். அன்றைக்கு அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். பல்லில் மட்டும் இருந்தது.

இத்தனை எண்களில் நிஜமாகவே ஒரு வேலை இருந்தது ஒன்றுக்குத்தான். அது இருபது.

மாமியாருக்கு நுரையீரல் பழுது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று அவர் அறையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தரையோடு வந்து, அவருடைய சக்கர நாற்காலியைச் சுற்றி, அவர் மூக்கில் ஏறும். குழாய் இல்லாமல் அவரால் கொஞ்ச நேரம் தாங்க முடியும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. மகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். மகன் எங்கே இருக்கிறான் என்பது மகனுக்கே சில சமயம் தெரியாது. பகலெல்லாம் கூப்பிட்டால் வரக்கூடியவர் கீழே கடையில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவர்தான். போனில் பேச மூச்சு வேண்டும். ஒரு பொத்தானை அமுக்க விரல் போதும்.

ஆகவே நம்பர்காரர் மாமியாரின் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். கடையில், தன் தலைக்கு மேலே, ஒரு மணியை மாட்டினார். மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து வாங்கியது அந்த மணி. சமையலறையில் ஆர்டர் சீட்டு பிரிண்டருக்கு வரும்போது கூடவே அலறுகிற வகை. எண்ணெய் கொதிக்கிற சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று செய்ததாயிற்றே, முதல் நாள் அது அடித்தபோது கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுத்துப் பலகையை எல்லாம் மறந்து தெருவில் போய் நின்றார். பொத்தான் செய்வது ஒன்றே ஒன்று. இருபதாம் எண் கதவைப் போய்த் தட்டும், "ஒரு பக்கம் முடிந்தது" என்கிற பிரிண்டர் சைகையை அங்கே போடும். இருபதில் மணி இருந்தது. மணி அடிக்கும். பொத்தானுக்கு மணியைத் தெரியாது, இருபதைத்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காதில் கருவியும் கையில் கம்பியுமாக முப்பது வருஷம் ஊரையே ஒருவரோடு ஒருவர் இணைத்தவர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று தடவைதான் மணி அடிக்கலாம். மூன்று தடவைக்குள் எடுக்கவில்லை என்றால், எடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம். அதற்கு மேலே அடிப்பது மானங்கெட்ட செயல்.

மூன்று தடவை அடிக்கத் தேவையே வரவில்லை. ஒரு தடவைக்கே மாப்பிள்ளை படியேறி வந்து நின்றார். ஜன்னலைத் திற, ஜன்னலைச் சாத்து, இந்தச் சேனலில் ஒலி குறைவாக இருக்கிறது, பால்காரன் வந்தானா, கீழே யாரோ சத்தம் போட்டார்களே யார் அது. ஒரு நாளைக்கு அந்த மணி அடித்த அடிக்கு ஓட்டல் இருந்தபோது அடித்திருந்தால் ஓட்டல் மூடியே இருக்காது.

"ஆர்டர் வந்துருச்சு அத்தான்" என்பான் மச்சினன், கடையில் இருந்தால் ஒவ்வொரு தடவையும், சலிக்காமல்.

ஒரு நாள் படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நம்பர்காரர் மச்சினனிடம் சொல்லிவிட்டார்: "பத்துல ஒண்ணுதான்டா நிஜம். மத்த ஒம்பதும் பொழுது போகாம." மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்த காது அது.

மேலே மாமியார் கேட்டார், "பத்துல ஒண்ணு எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை?"

"தெரியாது. அதனாலதான் பத்துக்கும் வர்றேன்" என்றார் நம்பர்காரர். மாமியார் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில், நம்பர்காரர் மொத்த விலைக்குப் பிரேம் வாங்க வெளியூர் போனார். மனைவி இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாயோடு இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். பழைய வாடிக்கையாளர்களுக்கு வேகமான புது ரூட்டர் மாற்றிக் கொடுக்கிறார்களாம். கடையில் இருந்தவன் தொண்ணூற்றொன்பது.

வந்தவன் நல்ல பையன், வேலை தெரிந்தவன். கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"பழைய பாக்ஸ்ல ஸ்பெஷலா எதுவும் செட்டிங் பண்ணியிருக்கீங்களா சார்? நம்பர் ஏதாவது ஃபிக்ஸ் பண்ணி?"

மச்சினன் ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணத்தில் அவன் முன்னால் இருந்தது மணியும் இல்லை, தாயும் இல்லை. தொண்ணூற்றொன்பது என்கிற எண்தான் இருந்தது.

"அதெல்லாம் எங்க அத்தானோட பைத்தியம். நீங்க போடுங்க."

அதோடு அவன் ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்தான். புதுப் பெட்டிக்கும் பழைய பெயரையே வைக்கச் சொன்னான், பழைய பாஸ்வேர்டையே போடச் சொன்னான். அப்படிச் செய்தால் வீட்டில் இருக்கிற எதுவும் யாரையும் எதுவும் கேட்காமல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தான் வந்து ஒரு மாதம் கழியட்டும். எதுவும் கெடவில்லை என்று தெரிந்த பிறகு, "உங்க வரிசையைத் தூக்கிப் போட்டு மாசமாச்சு, உலகம் இடிஞ்சா விழுந்துச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். கேட்கப்போகிற முகபாவம் வரை ஒத்திகை பார்த்து வைத்திருந்தான்.

புதுப் பெட்டி உயிர் பெற்றது. அது இருபதிலிருந்து எண்ணத் தொடங்குகிற ரகம். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காது. யாருக்கு வயதென்ன, யார் பெரியவர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முதலில் வந்தவருக்கு முதல் எண். பலகைக்கு அடியிலேயே எந்நேரமும் விழித்திருந்த பிரிண்டர்தான் முதலில் எழுந்து கேட்டது. பிரிண்டருக்கு இருபது. மச்சினனுக்கு இருபத்தொன்று. கடைச்சுவரில் இருந்த மணி சாவகாசமாக எழுந்து, மிச்சம் இருந்த ஏதோ ஓர் எண்ணை வாங்கிக்கொண்டது. அது எந்த எண் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. பொத்தானுக்கு நிச்சயமாகத் தெரியாது.

வந்த ஆள் டிவியைப் பார்த்தான், ஓடியது. கணினியில் பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்தான், வந்தது. மணியின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. "எல்லாம் ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் பழைய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதற்குள் இருந்த இரண்டு, மூன்று, நான்கு, இருபது எல்லாம் அவனோடு போய்விட்டன.

மகள் பக்கத்திலேயே இருந்ததால் அந்த இரண்டு நாளும் யாரும் பொத்தானைத் தொடவில்லை. நம்பர்காரர் ஊரிலிருந்து வந்தார். பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரம். அவருக்கு முன்னால் ஊர்ப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மேலே பலகையில் முன்பு இருந்த பெட்டி கறுப்பு, புதுப்பெட்டியும் கறுப்பு. அண்ணாந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

அன்று மத்தியானம் மாமியார் ஜன்னலைச் சாத்துவதற்காகப் பொத்தானை அமுக்கினார். யாரும் வரவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

கீழே பின்னறையில், இப்போது இருபதில் இருந்த பிரிண்டர், பக்கம் முடிந்துவிட்டதாக்கும் என்று மூன்று வெள்ளைத்தாள்களைத் துப்பியது. ஒன்றும் எழுதாத, சுத்தமான தாள்கள். லென்ஸ் தேய்க்கிறவர் அவற்றைப் பார்த்தார். சிக்கனமான மனிதர். எடுத்து, ஓரம் தட்டி, மறுபடி தாள் வைக்கிற தட்டிலேயே வைத்துவிட்டார்.

இதுதான் அன்று தொடங்கி நடந்தது. மேலே ஒரு விரல் அமுங்கும். கீழே ஒரு வெள்ளைத்தாள் வெளியே வரும். அதை எடுத்து அவர் உள்ளே வைப்பார். அடுத்த அழைப்பு அதே தாளில் வெளியே வரும். இரண்டு அடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம், பச்சை விளக்கு எரிகிற மணிக்கு அடியில் உட்கார்ந்து நம்பர்காரர் ஒரு குழந்தையிடம், "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மணி அடிக்காததை அவர் கவனிக்காமல் இல்லை. கவனித்தார், சந்தோஷப்பட்டார்.

"அத்தைக்கு இப்பல்லாம் உடம்பு தேவலை போலிருக்கு. கூப்பிடறதே இல்ல" என்றார் மனைவியிடம்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. பேச்சும் குறைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

மாமியாரின் பேச்சு குறைந்ததற்குக் காரணம் வேறு. பத்தில் ஒன்றுதான் நிஜம் என்று சொன்ன மாப்பிள்ளை, இப்போது பத்துக்கும் வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அவ்வளவுதானே. தான் போட்ட சட்டம்தானே, எடுக்க இஷ்டமில்லாதவர்கள் எடுக்கமாட்டார்கள். சாயங்காலங்களில் நம்பர்காரர் மேலே வரும்போது அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏதாவது வேணுமா அத்தை?"

"வேணும்னா கூப்பிடமாட்டேனா" என்பார், முகம் திருப்பாமல்.

மகள் கேட்டால் வேறு மாதிரி. "உன் வீட்டுக்காரர் ரொம்ப பிஸி. பாவம், தொந்தரவு பண்ணக்கூடாது." இந்த மாதிரிப் பேச்சை மகள் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு பேர் இருக்கிற வீடு. ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் நிம்மதியாக இருந்தார். ஒருத்தி வேலைக்குப் போய் வந்தாள். ஒருவன் ஒரு மாதம் எப்போது கழியும் என்று காத்திருந்தான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. மேலே மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

மச்சினனால் ஒரு மாதம் வரை பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடக் கூட்டம் வடிந்த ஒரு பிற்பகல், கடையில் மேஜைமேல் கால் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அத்தான், உங்க போன் இப்ப எத்தனாம் நம்பர்?"

"நாலு. எப்பவும் நாலு."

"பாத்துச் சொல்லுங்களேன்."

"எதுக்குப் பாக்கணும்? கண்ணாடி போட்டாத்தான் என் மூக்கு எங்கிருக்குன்னு தெரியுமா எனக்கு?"

"சும்மா பாருங்க."

நம்பர்காரர் பார்த்தார். முப்பத்தாறு என்று இருந்தது. திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். முப்பத்தாறுதான்.

மச்சினன் ஒத்திகை பார்த்த முகத்தோடு எழுந்து நின்றான். "பெட்டிய மாத்தி நாளாச்சு. நீங்க ஊருக்குப் போனப்பவே. உங்க வரிசை எல்லாம் குப்பைல. டிவி ஓடலையா? பில்லு வரலையா? உலகம் இடிஞ்சா விழுந்துச்சு? நான் இப்ப இருபத்தொண்ணு."

சொல்லிவிட்டு அத்தான் கத்துவார் என்று காத்திருந்தான். அத்தான் கத்தவில்லை. மெதுவாக நாற்காலியைத் திருப்பிச் சுவரில் இருந்த மணியை அண்ணாந்து பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்குக்கு மின்சாரம் வருகிறது என்பது மட்டுமே அர்த்தம். அதை அவர் அன்றைக்குத்தான் யோசித்தார்.

"அப்போ இருபது யாருடா?" என்றார்.

"யாரா இருந்தா என்ன?"

"இருபது யாரு?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கத் தொடங்கிய அந்த நேரத்தில், பின்னறையில் பிரிண்டர் ஒரு தாளை இழுத்துத் தள்ளிற்று. கடைக்கணினியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"என்னது அது?" என்றார் நம்பர்காரர்.

"அதுவா முதலாளி" என்று உள்ளேயிருந்து லென்ஸ் தேய்க்கிறவரின் குரல் வந்தது. "கொஞ்ச நாளா இப்படித்தான். மூணு மூணா வெள்ளைத்தாள் துப்பும். நான் எடுத்துத் திருப்பி வச்சிருவேன். ஒரு தாளும் வீணாகல."

இரண்டாவது தாள் வந்தது. மூன்றாவது வந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது வந்தது.

மூன்றுக்கு மேல் அந்த அம்மாள் அடிக்கமாட்டார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து. ஆறு. தட்டில் இடம் போதாமல் ஒரு தாள் வழுக்கித் தரையில் விழுந்தது. லென்ஸ் தேய்க்கிறவர் பழக்க தோஷத்தில் குனிந்து அதை எடுக்கப் போனார். "தொடாதே" என்றார் நம்பர்காரர். அவர் குரல் அப்படி வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. எண்ணைச் சரிபார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. முழங்கால் வலியே இல்லாதவர் மாதிரி படியேறினார். அவருக்குப் பின்னால் மச்சினன் ஓடினான். அவர்களுக்குப் பின்னால் பிரிண்டர் இன்னும் ஒரு தாளைத் துப்பிவிட்டு நின்றது.

அது நின்றதுதான் படியில் அவர்களைத் துரத்தியது.

மேலே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது, எந்தக் குறையும் இல்லாத மெஷின் எப்படி உறுமுமோ அப்படி. மாமியார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஜன்னலைத் தானே சாத்திக்கொள்ள நாற்காலியை உருட்டியிருக்கிறார். உருட்டியதில் சக்கரம் குழாயின் மேலேறி நின்றுவிட்டது. மெஷின் காற்றைத் தள்ளியது, சக்கரம் மறித்தது. பின்னுக்குத் தள்ள வலு வேண்டும், கத்த மூச்சு வேண்டும், இரண்டும் அந்தக் குழாயின் மறுபக்கத்தில் இருந்தன. உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது. பொத்தானின் மேல் கட்டைவிரல் அப்படியே இருந்தது, ஆனால் அமுங்கவில்லை.

நம்பர்காரர் நாற்காலியை அந்த அம்மாளோடு சேர்த்துத் தூக்கினார் என்று மச்சினன் இன்றும் சொல்கிறான். அவன் சொல்வதில் நான் எப்போதும் கொஞ்சம் கழித்துக்கொள்வேன், இதில் மட்டும் கழிப்பதில்லை. குழாய் விடுபட்டது. வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. அத்தை, அத்தை என்று அவர் கூப்பிட்டார். அம்மா என்று அவன் கூப்பிட்டான். இருவரும் மூன்று தடவைக்கு மேலேயே கூப்பிட்டார்கள். லென்ஸ் தேய்க்கிறவர் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் அந்த அம்மாளின் நெஞ்சு ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் திரும்பி வந்தபோது உடம்பில் பாதிதான் வந்திருந்தது. பேச்சு முழுக்க வந்திருந்தது.

மாப்பிள்ளை முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி மாறியது, எண் மாறியது, தட்டிய கதவில் மணிக்குப் பதிலாகப் பிரிண்டர் இருந்தது. வெள்ளைத்தாள்களைப் பற்றியும் சொன்னார். மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நான் கூப்பிட்டதெல்லாம் வந்து சேர்ந்துச்சு."

"சேர்ந்துச்சு அத்தை."

"ராங் நம்பர்."

"ஆமா."

"எங்க எக்ஸ்சேஞ்சுல இப்படி ஒரு தடவை நடந்தா அந்தப் பொண்ண அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்று சொல்லி மகன் பக்கம் திரும்பினார். அவன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் அந்த அறை வாசலைத் தாண்டி உள்ளே வர வெகுகாலம் ஆயிற்று. அவனை யாரும் திட்டவில்லை. அக்காள் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டாள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, எண்ணைச் சொன்னதைவிட அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

புதுப் பெட்டியில் நம்பர்காரர் உட்கார்ந்து முதலில் இருபதைப் பிரிண்டரிடமிருந்து பிடுங்கினார். மணியின் அடையாளத்தைச் சொல்லி இருபதை அதற்கே எழுதினார். பொத்தானைத் தானே மேலே போய் அமுக்கிப் பார்த்தார். கீழே மணி அலறியது. தெருவில் போன ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. மற்றவர்களுக்கு எந்த எண்ணும் ஒதுக்கவில்லை. யாருக்கு எது வந்தாலும் சரி என்று விட்டுவிட்டார். தன் போன் இப்போது எத்தனை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

பொத்தானைத் துடைத்து மாமியார் மடியில் வைத்தார். "ஒரு தடவை நீங்களே அமுக்கிப் பாருங்க அத்தை. ஓடி வர்றேன்."

"எதுக்கு? எனக்கு இப்போ ஒண்ணும் வேண்டாமே" என்றார் அவர். பொத்தானை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் அதை அமுக்கவே இல்லை. கோபமும் இல்லை, வீம்பும் இல்லை என்று மகள் சொல்கிறாள். நான் கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன காரணம் வேறு. "அமுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கிறது இருக்கே, அது ஒரு தடவைக்கு மேல முடியாது."

மணி இருபதில் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. கடையில் அதன் அடியில் நம்பர்காரர் உட்கார்ந்து எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பின்னறையில் பிரிண்டர் ஒரு பில்லை அடிக்க ஆரம்பித்தால், லென்ஸ் தேய்க்கிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தாளில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறார். எழுத்து இருந்தால் மறுபடி தேய்க்கிறார். நம்பர்காரர் அண்ணாந்து மணியைப் பார்க்கிறார். அது அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுக்கிறார். இன்னும் அடிக்கவில்லை. கண்ணில் சோதனைப் பிரேமோடு உட்கார்ந்திருக்கிற ஆளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார். காத்திருக்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. மேலே படியில் அவர் முழங்கால் சொடுக்கிடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

போன வாரம் நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதும் வந்தார். வாசலில் நின்று முதலில் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு குழாயை, அதற்குப் பிறகுதான் முகத்தை.

"நான் கூப்பிடவே இல்லையே, மாப்பிள்ளை. எதுக்கு வந்தீங்க?"

"அதனாலதான் வந்தேன், அத்தை."

மாமியார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க."